யோனி ஈஸ்ட் தொற்று உடலுக்குள் எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் நலப் பிரிவில் வேலை பார்ப்பதால் இந்தச் சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. வேறு எதற்கோ வந்தவர்கள் கிளம்பும் நேரத்தில் "அப்புறம் இன்னொண்ணு..." என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். மருந்து அளவு வரும் இடங்களில் சொல்லியிருப்பது பொதுவான நடைமுறை மட்டுமே. உங்களுக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஈஸ்ட் தொற்றுன்னா என்ன? பாக்டீரியாவா, பூஞ்சையா?

பூஞ்சை. கேண்டிடா என்ற நுண்ணிய பூஞ்சைக் குடும்பத்தில் பல வகைகள் உண்டு. அவற்றில் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஒன்றுதான் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்குத் தொல்லை கொடுப்பது. யோனியின் உட்சுவரிலும் வெளிப்புறத் தோலிலும் அழற்சி உண்டாகி, அரிப்பு, எரிச்சல், சிவப்பு, வீக்கம், உறவின்போது வலி என்று வரும். வெள்ளைப்படுதல் திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக இருக்கலாம். துர்நாற்றம் பொதுவாக இருக்காது.

இத்தனையும் எல்லோருக்கும் வருவதில்லை. வெள்ளைப்படுதலே மாறாமல் அரிப்பு மட்டும் படுத்துவதும் உண்டு. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்துவிடுகிறது. ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இது எங்கிருந்து ஒட்டிக்கிச்சு? பொதுக் கழிப்பறையில இருந்தா?

பெரும்பாலும் எங்கிருந்தும் ஒட்டவில்லை, ஏற்கெனவே உங்களிடம் இருந்ததுதான். கேண்டிடா மனிதக் குடலிலும் வாயிலும் சாதாரணமாக வாழ்கிற உயிரி. ஆசனவாய்ப் பகுதியிலிருந்து யோனிக்கு வர அதற்கு அதிக தூரமில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமான பெண்களைப் பரிசோதித்தாலும் நூற்றில் பத்து முதல் இருபது பேரின் யோனியில் கேண்டிடா இருக்கும். அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இதனால் ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு காரணத்துக்காக எடுத்த பரிசோதனையில் "கேண்டிடா இருக்கிறது" என்று வந்து, உங்களுக்கு அறிகுறி ஒன்றும் இல்லையென்றால், பொதுவாக அதற்கு மருந்து தேவையில்லை.

சும்மா இருந்த பூஞ்சை ஏன் திடீர்னு நோயா மாறுது?

முதலில் அது சும்மா இருந்ததற்கான காரணத்தைப் பார்ப்போம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அதிலிருந்து கிடைப்பதைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. யோனியின் பி.எச். அளவு (அமிலத்தைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.8 முதல் 4.5 வரை அமிலத்தன்மையோடு இருப்பது அதனால்தான். இந்தப் பாக்டீரியாக்கள் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டிருக்கும்வரை பூஞ்சை உருண்டையான ஈஸ்ட் செல்லாக, சொற்ப எண்ணிக்கையில், மொட்டு விட்டுப் பெருகி ஒதுங்கிக் கிடக்கும். "அமிலம் குறைந்தால் பூஞ்சை வளரும்" என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். கேண்டிடா அமிலத்தை நன்றாகவே தாங்கும். ஈஸ்ட் தொற்று முழுவேகத்தில் இருக்கும்போதும் பி.எச். பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

சமநிலை குலைந்ததும் நடப்பது உருமாற்றம். உருண்டை செல்லிலிருந்து நீளமான இழைகள் கிளம்புகின்றன. இழையின் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்கள் இருப்பதால் அது யோனிச் சுவரின் செல்லைப் பற்றிக்கொண்டு, உள்ளே துளைத்து இறங்குகிறது. இறங்கும்போது கேண்டிடாலைசின் என்ற நச்சைச் சுரக்கிறது. 31 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய புரதத்துண்டு அது. செல்லின் மெல்லிய சவ்வில் ஓட்டை போடுவது அதன் வேலை. 2016இல்தான் இந்த நச்சைக் கண்டுபிடித்தார்கள். இத்தனை பேருக்கு வரும் ஒரு நோயின் முக்கியமான ஆயுதம் அதுவரை தெரியாமலே இருந்திருக்கிறது.

ஓட்டை விழுந்த செல்கள் அபாய அறிவிப்பாகச் சில வேதிப்பொருள்களை வெளியிடும். அதைத் தொடர்ந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் இரத்தக் குழாய்களிலிருந்து கூட்டமாக வந்து இறங்கும். உடம்பின் மற்ற இடங்களில் இவை பூஞ்சையைக் கொன்று தின்றுவிடும். யோனிக்குள் வந்ததும் ஏனோ அந்தத் திறமை மங்கிவிடுகிறது. பூஞ்சை சாகாமல் நிற்கிறது, வந்த அணுக்களோ அழற்சியை இன்னும் கிளறுகின்றன. சிவப்பும் வீக்கமும் எரிச்சலும் இந்தக் கட்டத்தில்தான் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

அப்போ அரிப்பு பூஞ்சையால இல்லையா? என் உடம்பேதான் காரணமா?

இரண்டும் சேர்ந்துதான். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், விருப்பத்தோடு முன்வந்த ஆரோக்கியமான பெண்களின் யோனியில் உயிருள்ள கேண்டிடாவை வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. அறிகுறி வந்த சிலரின் யோனித் திரவத்தில் நியூட்ரோஃபில்கள் நிறைய இருந்தன. வராதவர்களிடம் அந்தக் கூட்டம் இல்லை. பூஞ்சை இருப்பது மட்டும் நோயாகாது, அதற்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதும் சேர்ந்துதான் நோய் என்ற கருத்து வலுப்பட்டது இதற்குப் பிறகுதான்.

மருந்து போட்ட அன்றே அரிப்பு நிற்காததற்கும் இதுதான் விளக்கம். பூஞ்சை செத்தாலும் கிளறிவிடப்பட்ட அழற்சி அடங்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

நான் சுத்தமாத்தான் இருக்கேன். ரெண்டு வேளை உள்ளேயும் சோப்பு போட்டுக் கழுவறேன். அப்புறமும் ஏன் வருது?

அந்த "உள்ளேயும்" என்பதுதான் பிரச்சினை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அரிப்பு வந்ததும் "நான்தான் சரியாகச் சுத்தமாக இல்லை போல" என்று நினைத்து இன்னும் அழுத்திக் கழுவுகிறார்கள், புண் இன்னும் மோசமாகிறது. ஈஸ்ட் தொற்று அழுக்கினால் வருவதில்லை. மேலே சொன்ன மாதிரி, அது உள்ளேயே இருந்த ஒன்றின் மாற்றம்.

யோனியின் உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம், தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது எதுவும் உள்ளே வேண்டாம். அவை லாக்டோபேசில்லஸை விரட்டும், சுவரை எரிச்சலூட்டும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். வாசனை சேர்த்த நாப்கின், வைப்ஸ், ஸ்ப்ரே ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அரிப்பு வந்துடுச்சு. ரெண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. தொண்டைக்கோ பல்லுக்கோ சாப்பிட்ட மாத்திரை யோனியிலுள்ள லாக்டோபேசில்லஸையும் சேர்த்துக் குறைத்துவிடும். பூஞ்சைக்குப் போட்டி குறைந்துபோகிறது. ஆனால் ஆன்டிபயாடிக் சாப்பிடுகிற எல்லோருக்கும் இது வராது. ஏற்கெனவே கேண்டிடா குடியிருப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பயந்து ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அடிக்கடி இப்படி நடக்கிறது என்றால் மருந்து எழுதும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: அரிப்புக்கு வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்குவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

பீரியட்ஸுக்கு முந்தின வாரம் அதிகமாகுது, வந்ததும் குறைஞ்சிடுது. எனக்குத்தான் அப்படித் தோணுதா?

இல்லை, நிறையப் பேர் இதையே சொல்கிறார்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் ஹார்மோன் நிலை பூஞ்சைக்கு வசதியானது. மாதவிடாய் தொடங்கும்போது ஹார்மோன்கள் இறங்கிவிடுகின்றன, அறிகுறியும் தணிகிறது.

ஈஸ்ட்ரோஜனின் கை இதில் எவ்வளவு நீளம் என்பதை வயதை வைத்தே பார்க்கலாம். பூப்பெய்தும் முன்பு இந்தத் தொற்று அபூர்வம். மாதவிடாய் நின்ற பிறகும் குறைந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு ஹார்மோன் சிகிச்சை எடுப்பவர்களுக்கு மறுபடி வரலாம். ஈஸ்ட்ரோஜன் கிளைகோஜனைக் கூட்டுவதோடு, பூஞ்சை சுவரில் ஒட்டிக்கொள்ளவும் உதவுகிறது. நல்ல பாக்டீரியாவுக்குச் சோறு போடும் அதே ஹார்மோன் எதிராளிக்கும் பந்தி விரிக்கிறது.

கர்ப்பமா இருக்கேன், இப்பதான் முதல் தடவை வந்திருக்கு. குழந்தைக்கு ஆபத்தா?

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருப்பதால் இது சகஜம். வயிற்றிலுள்ள குழந்தைக்குப் பொதுவாகக் கெடுதல் வராது. பிரசவத்தின்போது குழந்தையின் வாய்க்குப் பூஞ்சை போய், நாக்கில் வெள்ளைப் படலம் வரலாம். அதைச் சுலபமாகக் குணப்படுத்தலாம்.

சிகிச்சைதான் மாறும். கர்ப்பிணிகளுக்கு யோனிக்குள் வைக்கும் க்ளோட்ரிமசோல் போன்ற மருந்தை ஏழு நாள் கொடுப்பார்கள். வாயால் சாப்பிடும் ஃப்ளுகோனசோல் மாத்திரையைத் தவிர்ப்பார்கள். போன தடவை எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறதே என்று அதே மாத்திரையைச் சாப்பிட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தில் சுயவைத்தியம் கூடாது.

சுகர் இருக்கிறவங்களுக்கு அதிகமா வருமாமே?

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் என்றால் ஆம். திசுக்களிலும் சிறுநீரிலும் சர்க்கரை கூடுவது பூஞ்சைக்குத் தீனி. வெள்ளை அணுக்களின் செயல்பாடும் மந்தமாகும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் தொற்றுக்கு மட்டும் மருந்து போட்டால் திரும்பத் திரும்ப வரும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் உடம்பிலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. சர்க்கரை குறைகிறது, ஆனால் பிறப்புறுப்புப் பகுதி எப்போதும் சர்க்கரை கலந்த ஈரத்தில் இருக்கிறது. இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு அரிப்பு வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இல்லை என்று நினைப்பவர்களுக்கும் காரணமில்லாமல் தொற்று அடுத்தடுத்து வந்தால் இரத்தச் சர்க்கரையை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் எச்.ஐ.வி. போன்றவற்றால் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதே மாதிரி வாய்ப்பு அதிகம்.

ஈஸ்ட் போட்ட பிரெட், இனிப்பு எல்லாம் நிறுத்திட்டா போயிடுமா?

பிரெட்டில் போடுவது வேறு ஈஸ்ட். அது அடுப்புச் சூட்டில் செத்தும் போய்விடும். பிரெட் சாப்பிட்டதால் யோனியில் கேண்டிடா வளராது. சர்க்கரை நோய் இல்லாதவர்கள் இனிப்பை அடியோடு விட்டால் தொற்று நிற்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. உடம்புக்கு நல்லது என்று குறைத்துக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம். பட்டினி கிடந்து "பூஞ்சையைக் காயப்போடும்" உணவுமுறைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

உடலுறவால வர்ற நோயா இது? அவருக்கும் மருந்து குடுக்கணுமா?

இதைப் பாலியல் நோய்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. இது வந்ததை வைத்துக் கணவர் மீதோ மனைவி மீதோ சந்தேகப்படுவது அநியாயம். உறவின்போது ஏற்படும் உராய்வு சிலருக்குத் தொந்தரவைத் தூண்டலாம், அவ்வளவுதான்.

துணைவருக்கு வழக்கமாக மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தாலும் பெண்ணுக்குத் திரும்ப வருவது குறைவதாகத் தெரியவில்லை. ஆணுறுப்பின் முனையில் சிவப்பு, அரிப்பு, எரிச்சல் இருந்தால் மட்டும் அவரும் காட்டிக்கொள்ளட்டும். சரியாகும்வரை உறவைத் தள்ளிப்போடுவது வலிக்கு நல்லது. இன்னொரு காரணமும் இருக்கிறது: யோனிக்குள் போடும் க்ரீம்கள் பலவற்றில் எண்ணெய் இருக்கும், அது லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும்.

நான் இதுவரைக்கும் யார்கூடவும் உறவு வச்சுக்கிட்டதே இல்ல. எனக்கு எப்படி?

மேலே சொன்ன அதே காரணங்கள்தான். உறவு இதற்கு ஒரு நிபந்தனையே இல்லை.

வெள்ளைப்படுதல்னாலே ஈஸ்ட்தானா?

இல்லவே இல்லை. தெளிவாகவோ பால்வெள்ளையாகவோ, வாடையும் அரிப்பும் இல்லாமல், மாதத்தின் நாட்களுக்கு ஏற்பக் கூடிக் குறைந்து வருவது இயல்பு. அதற்கு மருந்தே வேண்டாம்.

மெல்லியதாக, சாம்பல் வெள்ளையாக, மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியல் வஜினோசிஸ் என்ற வேறு நிலையாக இருக்கலாம். அதில் லாக்டோபேசில்லஸ் குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும், பி.எச். 4.5க்கு மேல் ஏறியிருக்கும். மஞ்சள் பச்சையாக, நுரையோடு வந்தால் ட்ரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அது பாலியல் வழியாகப் பரவுவது, அதில் துணைவருக்கும் கட்டாயம் மருந்து உண்டு. ஆனால் புத்தகத்தில் எழுதியிருக்கிற மாதிரி அச்சு அசலாக யாருக்கும் வராது. இரண்டு மூன்று சேர்ந்தே வருவதும் உண்டு.

மூத்திரம் போறப்ப எரியுது. அப்ப யூரின் இன்ஃபெக்ஷன்தானே?

எங்கே எரிகிறது என்று கவனியுங்கள். சிறுநீர் வெளித்தோலில் படும்போது மட்டும் சுள்ளென்று எரிந்தால், தோல் புண்ணாகியிருப்பதால் இருக்கலாம். உள்ளே எரிந்து, அடிக்கடி போக வேண்டும் போல முட்டினால் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. காய்ச்சலோ இடுப்பு வலியோ சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம்.

அறிகுறியைப் பார்த்தா எனக்கே தெரியுது. கடையில க்ரீம் வாங்கிப் போட்டுக்கிட்டா போதாதா?

தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஈஸ்ட் தொற்று என்று தாங்களே முடிவு செய்து க்ரீம் வாங்கிய பெண்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வில், மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் ஈஸ்ட் மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்கு முந்தின பதிலுக்கு முன் சொன்ன வஜினோசிஸ், கலப்புத் தொற்று, அல்லது தொற்றே இல்லை. சோப்பாலோ நாப்கினாலோ வரும் ஒவ்வாமை, லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோய், ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்று எல்லாமே அரிப்போடு வரும். தவறான க்ரீம் போட்டால் குணமாகாதது மட்டுமில்லை, அந்த க்ரீமே சிலருக்கு எரிச்சலைக் கூட்டிவிடும்.

ஏற்கெனவே மருத்துவர் ஒருமுறை உறுதி செய்து, அதே மாதிரி மறுபடி வந்திருந்தால் க்ரீம் போட்டுப் பார்க்கலாம். முதல் தடவை, கர்ப்பம், சர்க்கரை நோய், காய்ச்சல், அடிவயிற்று வலி, புண் அல்லது கொப்புளம், துர்நாற்றம், இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவரிடம் போங்கள். க்ரீம் முடிந்தும் போகவில்லை, இரண்டு மாதத்துக்குள் திரும்ப வந்துவிட்டது என்றாலும் அப்படியே.

டெஸ்ட்டுல என்ன பண்ணுவாங்க? வலிக்குமா?

ஒரு பஞ்சுக்குச்சியால் யோனிச் சுவரிலிருந்து கொஞ்சம் திரவம் எடுப்பார்கள். புண்ணாக இருந்தால் லேசாக எரியும், சில நொடிகளில் முடிந்துவிடும். பி.எச். தாளில் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் வைப்பார்கள். அந்தச் சொட்டு நம் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சையின் சுவரைக் கரைக்காது. செல்கள் வெளிறி மறைய மறைய, கிளை விட்ட இழைகளும் அவற்றின் ஓரத்தில் முளைத்த மொட்டுகளும் துலங்கி வரும். முன்பு சொன்ன உருமாற்றத்தை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் நுண்ணோக்கியில் தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது. கிட்டத்தட்டப் பாதித் தொற்றுகள் இதில் பிடிபடாமல் போகும். கேண்டிடா கிளாப்ராட்டா என்ற வகை இழையே விடாது என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். அறிகுறி இருந்தும் தகட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அல்லது அடிக்கடி வருகிறது என்றால், கல்ச்சர் பரிசோதனை (எடுத்த திரவத்திலுள்ள பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) கேட்டு எழுதி வாங்குங்கள். எந்த வகைப் பூஞ்சை என்பதை அது சொல்லிவிடும்.

மருந்து உள்ளே போய் என்ன செய்யுது? ஒரே மாத்திரையில எப்படி சரியாகும்?

க்ளோட்ரிமசோல், மைகோனசோல், ஃப்ளுகோனசோல் எல்லாம் ஒரே குடும்பம். பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பு இருக்கிறது, நம் செல்லின் சவ்வில் அதற்குப் பதிலாக இருப்பது கொலஸ்டிரால். எர்கோஸ்டிரால் தயாராவதை இந்த மருந்துகள் தடுத்துவிடும், பூஞ்சையால் சவ்வைச் சரியாகக் கட்ட முடியாமல் வளர்ச்சி நின்றுபோகும்.

சாதாரணத் தொற்றுக்கு உள்ளே வைக்கும் மருந்தானாலும், வாயால் சாப்பிடும் 150 மில்லிகிராம் ஃப்ளுகோனசோல் ஒன்றானாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் குணமாகிவிடும். ஒரே மாத்திரை போதுமாக இருப்பதற்குக் காரணம், அது யோனித் திரவத்தில் மூன்று நாளாவது வேலை செய்யும் அளவில் தங்கியிருப்பதுதான். வீக்கமும் வெடிப்பும் அதிகமாக இருந்தால் மூன்று நாள் கழித்து இன்னொன்று தருவார்கள். ஃப்ளுகோனசோல் வேறு சில மருந்துகளோடு மோதும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், கொலஸ்டிராலுக்குச் சில ஸ்டாட்டின் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உள்ளே வைக்கும் மருந்தை, அறிகுறி போய்விட்டாலும், சொன்ன நாள்வரை வையுங்கள்.

தயிர், பூண்டு, வினிகர் வச்சா சரியாகும்னு படிச்சேனே?

உள்ளே வைக்காதீர்கள். பூண்டும் வினிகரும் ஏற்கெனவே புண்ணான இடத்தை இன்னும் வேக வைத்துவிடும். தயிரிலுள்ள பாக்டீரியா யோனியில் குடியேறிப் பூஞ்சையை விரட்டும் என்பதும் நிரூபணமாகவில்லை. புரோபயாட்டிக் மாத்திரைகளுக்கும் இதுவரை கிடைத்திருக்கும் ஆதாரம் போதாது. அரிப்பு தாங்கவில்லை என்றால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வெளிப்புறத்தில் ஒற்றி எடுக்கலாம், நகத்தால் சொறிய வேண்டாம்.

இறுக்கமான ஜீன்ஸ், ஈரத்துணி?

வெதுவெதுப்பும் ஈரமும் பூஞ்சைக்குப் பிடிக்கும். பருத்தி உள்ளாடையும் ஈரத்துணியைச் சீக்கிரம் மாற்றுவதும் இதமாக இருக்கும். ஆனால் உடையை மாற்றியதாலேயே தொற்று நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குழந்தை பெத்துக்கறதுல பிரச்சினை வருமா? கேன்சர் ஆயிடுமா?

இரண்டும் இல்லை. இந்தத் தொற்று கருப்பைக்கோ கருக்குழாய்க்கோ ஏறிச் சேதம் செய்வதில்லை, புற்றுநோயாகவும் மாறாது.

எல்லாம் சரியா செய்யறேன், ஆனாலும் வருஷத்துல நாலஞ்சு தடவை வருது. எனக்கு மட்டும் ஏன்?

ஒரு வருடத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று தனியாகவே கணக்கில் எடுப்பார்கள். சர்க்கரை, ஆன்டிபயாடிக், ஹார்மோன் என்று மேலே சொன்ன காரணங்களைத் தேடுவார்கள். பலரிடம் அப்படி ஒன்றுமே கிடைக்காது. மருந்து அறிகுறியை அடக்கினாலும் பூஞ்சையின் மிச்சம் எங்கோ தங்கிவிடுகிறது, கொஞ்ச காலத்தில் பெரும்பாலும் அதே வகையே தலைதூக்குகிறது.

உடம்பின் பதில் ஆளுக்கு ஆள் மாறும் என்று சொன்னேனல்லவா, அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. டெக்டின்-1 என்பது பூஞ்சையின் சுவரை அடையாளம் காணும் ஒரு புரதம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே டச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த பெண்களிடம் இந்தப் புரதத்தின் மரபணுவில் பிழை இருந்தது தெரியவந்தது. அவர்களுக்கு யோனித் தொற்றும் நகப் பூஞ்சையும் விடாமல் வந்துகொண்டிருந்தன. எல்லோருக்கும் இதே பிழை என்று சொல்லவில்லை. ஆனால் "நீ என்ன தப்பு செய்தாய்?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சிகிச்சையில் முதலில் கல்ச்சர் எடுத்து உறுதி செய்வார்கள். அல்பிகன்ஸ் என்றால் மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று ஃப்ளுகோனசோல், அதன் பிறகு வாரம் ஒன்று வீதம் ஆறு மாதம் என்பது வழக்கமான முறை.

ஆறு மாசம் வாரா வாரம் சாப்பிட்டேன், நல்லா இருந்தேன். நிறுத்தினதும் மறுபடி வந்துடுச்சு. மருந்துக்குப் பழகிடுச்சா?

பெரும்பாலும் பழகவில்லை. வாரம் ஒரு மாத்திரை அறிகுறியை நன்றாகவே தள்ளி வைக்கும். பூஞ்சையை அடியோடு ஒழிக்கும் என்ற உத்தரவாதம் அதற்கு இல்லை. நிறுத்திய பிறகு பாதிப் பேருக்காவது திரும்புகிறது. அப்படித் திரும்பினால் அதே முறையை மறுபடி தொடங்குவார்கள், பலருக்கு மறுபடியும் வேலை செய்யும்.

மாத்திரை சாப்பிடும்போதே கேட்கவில்லை என்றால்தான் வேறு கணக்கு. பரிசோதனை பற்றிய பதிலில் வந்த கிளாப்ராட்டா, ஃப்ளுகோனசோலுக்கு அவ்வளவாக மசியாது. க்ரூசி என்ற வகைக்கு அது இயல்பிலேயே பலிக்காது. இவற்றுக்கு யோனிக்குள் வைக்கும் 600 மில்லிகிராம் போரிக் அமில கேப்சூலை தினம் ஒன்றாக மூன்று வாரம் தருவதுண்டு. அதை வாயால் விழுங்கினால் விஷம், உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்ற ஓட்டெசெகோனசோல் திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்கென்றே வந்த மருந்து. கருவைப் பாதிக்கலாம் என்பதால் இனி கருத்தரிக்க வாய்ப்பில்லாதவர்களுக்கு மட்டுமே அதைத் தருகிறார்கள். எதுவானாலும் அடுத்த மருந்துக்குப் போவதற்கு முன் கல்ச்சரை மறுபடி ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். இத்தனை மாதம் ஈஸ்ட் என்று நினைத்தது தோல் நோயாக இருந்தது என்று அங்கே தெரியவந்தவர்களும் உண்டு.